தருமபுரிப் பிள்ளையையும் சிங்கப்பூர்ப் பிள்ளையையும் எப்படி ஒப்பிடுகிறார்கள்?

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதம் நடத்துகிறேன். கல்வியில் சிங்கப்பூர் முதலிடம், எஸ்தோனியா முன்வரிசை என்று அவ்வப்போது ஓர் உலகப் பட்டியல் வருகிறது. ஒருமுறை அதில் தமிழ்நாட்டைக் கீழிருந்து மூன்றாவதாகப் போட்டிருந்தார்கள். பாடத்திட்டம் வேறு, பயிற்றுமொழி வேறு, வீட்டுச் சூழல் வேறு. என் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பிள்ளைகளை ஒப்பிடவே எனக்குத் தயக்கமாக இருக்கிறது. இவர்கள் எப்படிக் கடல் தாண்டி ஒப்பிடுகிறார்கள்? ஒரே கேள்வித்தாளை மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டால் போதுமா?
– ஓர் ஆசிரியை, தருமபுரி மாவட்டம்

பதில்: ஒரே பெஞ்சுப் பிள்ளைகளை ஒப்பிடத் தயங்குகிறேன் என்கிறீர்கள். கல்வியை ஒப்பிட்டு ஆராய வருபவர்களுக்கு முதலில் வேண்டியது அந்தத் தயக்கம்தான். பட்டியல் வெளியாகும் நாளில் தலைப்புச் செய்தி எழுதுபவர்களுக்கும் அதில் கொஞ்சம் இருந்தால் நல்லது.

நீங்கள் பார்த்தது ‘பிசா’ பட்டியல். வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி. 2000-ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் தேர்வு இது. 15 வயதுப் பிள்ளைகளின் வாசிப்பு, கணிதம், அறிவியல் திறன்களை அளக்கிறது. 2022-ஆம் ஆண்டுச் சுற்றில் 81 நாடுகளும் பகுதிகளும் கலந்துகொண்டன, ஏறத்தாழ 6.9 லட்சம் மாணவர்கள் எழுதினார்கள். 2009-ஆம் ஆண்டுச் சுற்றின் நீட்சியாக 2010-இல் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் சேர்ந்தன. 2011 டிசம்பரில் முடிவு வந்தது. மொத்தம் 74 இடங்களில் இரண்டு மாநிலங்களும் கிர்கிஸ்தானும்தான் கடைசி வரிசை. வாசிப்பில் தமிழ்நாட்டின் சராசரி 337, கணிதத்தில் 351. கேள்விகள் நம் பிள்ளைகளின் வாழ்க்கையோடு ஒட்டவில்லை என்று மத்திய அரசு குறை சொன்னது. அடுத்த சுற்றுகளில் இந்தியா சேரவில்லை.

அரசு சொன்ன குறையும் உங்கள் சந்தேகமும் ஒரே இடத்தைத்தான் குறிவைக்கின்றன: கேள்வித்தாள். பெரும்பாலோர் நினைப்பதும் இதுதான். ஆனால் இந்த ஆராய்ச்சியில் அதிகக் காவல் போடப்பட்டிருப்பது கேள்வித்தாளுக்குத்தான். ஓட்டை இருப்பது வேறு இரண்டு இடங்களில். கேள்வித்தாளின் கணக்கை முடித்துவிட்டு அங்கே போவோம்.

முதலில் பாடத்திட்டம். இதைச் சமாளிக்க இரண்டு வழிகள் உண்டு. 1995 முதல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் ‘டிம்ஸ்’ என்ற கணித, அறிவியல் ஆய்வு முதல் வழியில் போகிறது. பல நாட்டுப் பாடத்திட்டங்களையும் பரப்பி வைத்து, பொதுவாக உள்ள பகுதிகளிலிருந்து கேள்வி எடுக்கிறது. கூடவே ஆசிரியரிடம், “இந்தப் பகுதியை உங்கள் வகுப்புக்கு நடத்தியாயிற்றா?” என்றும் கேட்கிறது. இதற்குக் ‘கற்கும் வாய்ப்பு’ என்று பெயர்: நடத்தாத பாடத்தில் பிள்ளை தவறினால் அதைப் பிள்ளையின் கணக்கில் எழுதக் கூடாது என்ற எளிய நியாயம். பிசா இரண்டாவது வழியில் போகிறது. பாடத்திட்டத்தையே ஒதுக்கிவிட்டு, ஒரு கால அட்டவணை, ஒரு வரைபடம், ஒரு செய்தித் துணுக்கு ஆகியவற்றைக் கொடுத்து, படித்ததை வைத்து இதை உன்னால் புரிந்துகொள்ள முடிகிறதா என்று பார்க்கிறது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. டிம்ஸ் வகுப்பைப் பிடிக்கிறது: 4-ஆம் வகுப்பு, 8-ஆம் வகுப்பு. பிசா வயதைப் பிடிக்கிறது. ஜப்பானில் 15 வயதுப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். தேறாதவர்களை அதே வகுப்பில் நிறுத்திவைக்கும் வழக்கம் அதிகமுள்ள பிரேசிலில் அதே வயதுப் பிள்ளைகள் பல வகுப்புகளில் சிதறிக் கிடப்பார்கள். வயதைப் பிடித்தால் வகுப்பு கலைகிறது, வகுப்பைப் பிடித்தால் வயது கலைகிறது. எதைச் சமமாக வைப்பது என்று முதலிலேயே முடிவு செய்து, அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவதுதான் இங்கே நேர்மை.

அடுத்தது மொழி. பிசாவின் மூல வினாத்தாள் ஆங்கிலம், பிரெஞ்சு என இரண்டு மொழிகளில் தயாராகிறது. ஒவ்வொரு நாட்டிலும் இருவர் தனித்தனியே மொழிபெயர்க்க, மூன்றாமவர் இரண்டையும் ஒத்துப்பார்த்து ஒன்றாக்குகிறார். வெளியாள் ஒருவர் அதைச் சரிபார்க்கிறார். பிறகு ஒரு முன்னோட்டத் தேர்வு. ‘வினாச் சார்பு’ பிடிபடுவது அங்கேதான். மொத்தத்தில் ஒரே திறமை காட்டும் இரண்டு நாட்டுப் பிள்ளைகளில், ஒரு நாட்டவர் மட்டும் குறிப்பிட்ட ஒரு கேள்வியில் திரும்பத் திரும்ப இடறினால், குறை பிள்ளையிடம் இல்லை, கேள்வியிடம்தான். அதுவே வினாச் சார்பு. பனிச்சறுக்கு பற்றிய கணக்கு ஒன்று வெப்ப நாட்டுப் பிள்ளைகளை மட்டும் தடுமாற வைத்தால் இந்தச் சோதனையில் அது அகப்பட்டுக்கொள்ளும். அத்தகைய கேள்விகளைத் தூக்கிவிடுவார்கள், அல்லது அந்த நாட்டுக் கணக்கில் மட்டும் சேர்க்காமல் விடுவார்கள். எல்லாமே பிடிபட்டுவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நம் பொதுத்தேர்வு வினாத்தாள் எதற்கும் இவ்வளவு வடிகட்டல் நடப்பதில்லை.

மூன்றாவது, மதிப்பெண். 337 என்றதும் அதை 500-க்கு 337 என்று வாசித்து யாராவது ஆறுதல் அடைந்திருந்தால், மன்னிக்க வேண்டும், அது அப்படியில்லை. பிசா மதிப்பெண்ணுக்கு ‘இத்தனைக்கு இத்தனை’ என்ற உச்சவரம்பே கிடையாது. தொடக்கச் சுற்றுகளில் ஓ.இ.சி.டி. நாடுகளின் சராசரியை 500 என்று வைத்துக்கொண்டார்கள்; மூன்றில் இரண்டு பங்கு மாணவர்கள் 400-க்கும் 600-க்கும் இடையில் விழும்படி அளவுகோலை அமைத்தார்கள். எந்த மாணவரும் முழு வினாத்தொகுப்பையும் எழுதுவதில்லை என்பது உங்களுக்கு இன்னும் வியப்பாக இருக்கும். தொகுப்பு பல மணி நேரத்துக்குரியது. ஒருவர் எழுதுவது இரண்டு மணி நேரப் பங்கு மட்டுமே. பக்கத்துப் பிள்ளைக்கு வேறு பங்கு. இவற்றை இணைப்பது ‘வினா மறுமொழிக் கோட்பாடு’: கேள்வியின் கடினத்தையும் மாணவரின் திறனையும் ஒரே அளவுகோலில் குறிக்கும் கணக்குமுறை. உயரம் தாண்டும் போட்டியில் ஒருவரை எல்லா உயரங்களிலும் தாண்டச் சொல்வதில்லை அல்லவா? எதைத் தாண்டினார், எதில் தட்டிவிட்டார் என்று தெரிந்தால் மற்றதை ஊகிக்கலாம்.

ஊகம் என்பதால் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பிழை எல்லை உண்டு. இரண்டு நாடுகளுக்கு இடையே ஓரிரு புள்ளிதான் வேறுபாடு என்றால் அது வேறுபாடே இல்லாமலும் இருக்கலாம். அறிக்கையில் ‘இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை’ என்று எல்லை போட்டே கொடுக்கிறார்கள். செய்தித்தாளுக்கு வரும் வழியில் அந்த எல்லை கழன்று விழுந்து, 12-ஆம் இடம், 13-ஆம் இடம் என்று கறாராகிவிடுகிறது.

ஆக, கேள்வித்தாளைப் பெரும்பாலும் நம்பலாம். இனி ஓட்டைகளுக்கு வருவோம்.

முதல் ஓட்டை, தேர்வு எழுதாத பிள்ளை. பிசா பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, அங்கே இருக்கும் 15 வயதுப் பிள்ளைகளைத் தேர்வெழுத வைக்கிறது. அந்த வயதுக்குள் படிப்பை நிறுத்தி வேலைக்குப் போய்விட்ட பிள்ளை எந்தக் கணக்கிலும் வருவதில்லை. 2012-இல் வியட்நாம் கணிதத்தில் 511 எடுத்து உலகத்தை அசத்தியது. அதே சுற்றில் அமெரிக்கா எடுத்தது 481. ஆனால் வியட்நாமின் 15 வயதினரில் ஏறத்தாழ 56 விழுக்காட்டினரைத்தான் அந்த எண் குறிக்கிறது. மீதிப் பேர் பள்ளியில் இல்லை, அல்லது பிசா கேட்கும் வகுப்பை எட்டவில்லை. வியட்நாமில் நன்றாகக் கற்பிக்கவில்லை என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளையும் பள்ளியில் வைத்திருக்கும் நாட்டோடு அதை நேருக்கு நேர் நிறுத்தும்போது, இந்த 56-ஐயும் பக்கத்தில் எழுதியாக வேண்டும்.

ஷாங்காய் 2009-இல் மூன்று பாடங்களிலும் முதலிடம் பெற்றபோதும் இதே கேள்வி எழுந்தது. சீனாவில் குடும்பப் பதிவு எந்த ஊரில் இருக்கிறதோ அங்கேதான் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுத முடியும் என்பது பொதுவிதி. ஷாங்காயில் கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர், மேல்நிலைப் படிப்பு நெருங்கும்போது சொந்த மாகாணத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். பிசா கேட்பதும் சரியாக அந்த வயதைத்தான். தவிரவும், ஷாங்காய் சீனாவின் செழிப்பான நகரம். அந்த நகரத்தின் எண்ணைச் சீனா முழுமைக்குமாக வாசிப்பது பெரும் பிழை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இதுவரை விடுபட்ட ஏழைப் பிள்ளைகளை ஒரு நாடு பள்ளிக்குக் கொண்டுவந்தால், அதன் சராசரி குறையக்கூடும். நல்ல காரியம் செய்ததற்குப் பட்டியலில் கீழிறக்கம்! 2003-க்குப் பிந்தைய ஆண்டுகளில் மெக்சிகோவும் துருக்கியும் அதிகப் பிள்ளைகளைப் பள்ளிக்குள் கொண்டுவந்தன. அவற்றின் எண்களை இதை வைத்துத்தான் படிக்க வேண்டும்.

இதற்கு மாற்று வழியும் இருக்கிறது. நம் நாட்டிலிருந்தே உலகத்துக்குப் போன வழி. ‘பிரதம்’ அமைப்பு 2005-இல் தொடங்கிய ‘ஏசர்’ ஆய்வு பள்ளிக்குப் போகாமல் வீட்டுக்குப் போகிறது. ஊரக மாவட்டம் ஒவ்வொன்றிலும் 30 கிராமங்கள், கிராமத்துக்கு 20 வீடுகள். 5 முதல் 16 வயது வரை உள்ள பிள்ளையை உட்காரவைத்து, 2-ஆம் வகுப்பு அளவிலான ஒரு சிறு கதையை வாசிக்கச் சொல்கிறார்கள். கழித்தல், வகுத்தல் கணக்குப் போடச் சொல்கிறார்கள். அரசுப் பள்ளி, தனியார் பள்ளி, பள்ளியே இல்லை என்று மூன்று வகைப் பிள்ளைகளும் அகப்படுகிறார்கள். இந்த முறையைப் பாகிஸ்தானும் கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளும் எடுத்துக்கொண்டன. ஏசர் அளப்பது அடிப்படையை மட்டும்தான். பிசா கேட்கும் நுட்பத்தை அது தொடுவதில்லை. ஆனால் ஊரகப் பிள்ளைகளில் யாரையும் வெளியே நிறுத்துவதில்லை.

இரண்டாவது ஓட்டை இதைவிடப் பெரியது: எண்ணிலிருந்து காரணத்துக்குத் தாவுவது. 2000-ஆம் ஆண்டு முதல் சுற்றில் பின்லாந்து வாசிப்பில் முதலிடம் பெற்றது. உலகெங்கும் இருந்து கல்வி அதிகாரிகள் அங்கே படையெடுத்தார்கள். வீட்டுப்பாடம் குறைவு, தேர்வு குறைவு, 7 வயதில்தான் பள்ளி, இவையே காரணம் என்று குறிப்பெடுத்துத் திரும்பினார்கள். 2006-இல் 548 ஆக இருந்த பின்லாந்தின் கணிதச் சராசரி 2022-இல் 484-க்கு இறங்கியது. அப்போதும் பிள்ளைகள் 7 வயதில்தான் பள்ளிக்குப் போனார்கள்! மறுபுறம் தென் கொரியாவும் சிங்கப்பூரும் டியூஷன் பெருகிக் கிடக்கும் நாடுகள். அங்கே வரும் எண் பள்ளியின் உழைப்பா, மாலை வகுப்பின் உழைப்பா? ஹாங்காங் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிரே இதற்கு ‘நிழல் கல்வி’ என்ற பெயரைப் பரவலாக்கினார்: பள்ளியின் பின்னாலேயே நிழல்போல் ஓடும் கட்டணப் படிப்பு. இதைக் கழிக்காமல் பள்ளிக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுக்க முடியாது. பள்ளிக்கு உள்ளே இருப்பவற்றைவிட வெளியே இருப்பவை முக்கியம் என்று இங்கிலாந்தின் மைக்கேல் சாட்லர் 1900-லேயே எச்சரித்திருந்தார்.

அப்படியானால் காரணத்தைக் கண்டுபிடிக்கவே முடியாதா? முடியும், ஆனால் அதற்கு வேறு ஆய்வுமுறை வேண்டும். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் ஒப்பீட்டையே எடுத்துக்கொள்வோம்: அரசுப் பள்ளியா, தனியார் பள்ளியா? தனியார் பள்ளிப் பிள்ளைகளின் மதிப்பெண் அதிகம் என்று பல ஆய்வுகளில் வருகிறது. ஆனால் அங்கே சேரும் பிள்ளையின் வீடும் வேறு; பெற்றோரின் படிப்பும் வருமானமும் கூடவே வருகின்றன. இதற்குத் ‘தேர்வுச் சார்பு’ என்று பெயர்: ஒப்பிடும் இரண்டு கூட்டமும் சேரும்போதே வேறுவேறாக இருப்பது.

இதைக் களைய, கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் ஆந்திரப் பிரதேசத்தில் 180 கிராமங்களில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் தனியார் பள்ளியில் சேர உதவித்தொகை அறிவித்து, கேட்டவர்களிடையே குலுக்கல் போட்டார்கள். குலுக்கலில் சீட்டு விழுந்தவரும் விழாதவரும் வீட்டு நிலையில் ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே பிறகு வரும் வேறுபாடு பள்ளியால் வந்தது என்று சொல்லத் துணியலாம். 2015-இல் வெளியான முடிவு இது: நான்கு ஆண்டுக்குப் பிறகும் தெலுங்கிலும் கணிதத்திலும் இரண்டு கூட்டத்துக்கும் வேறுபாடு இல்லை. இந்தியில் தனியார் பள்ளிப் பிள்ளைகள் முந்தினார்கள். ஒரு பிள்ளைக்குத் தனியார் பள்ளி செலவிட்டது அரசுப் பள்ளிச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இரண்டு தரப்பும் தத்தமக்கு வேண்டியதை மட்டும் பிய்த்து எடுத்துக்கொள்ள வசதியான முடிவு என்பதால், முழுதாகவே சொல்லிவிட்டேன்.

எண்ணால் எட்ட முடியாத இடமும் உண்டு. வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்பது அது. டிம்ஸ் ஆய்வின் துணையாக ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளின் 8-ஆம் வகுப்புக் கணிதப் பாடங்களைப் படம்பிடித்து அலசினார்கள். ஜப்பானிய ஆசிரியர் பல வேளைகளில் வழிமுறையைச் சொல்லித் தராமலே கணக்கைக் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் கண்டுபிடித்த பல வழிகளைப் பலகையில் ஏற்றி விவாதித்தார். அமெரிக்க ஆசிரியர் வழியைக் காட்டிவிட்டு அதே மாதிரிக் கணக்குகளைப் போட வைத்தார். நீங்கள் எந்தப் பக்கம் என்று நான் கேட்கப்போவதில்லை!

ஜோசப் டோபினும் அவருடைய துணை ஆய்வாளர்களும் கையாண்டது இன்னும் சுவையான முறை. ஜப்பான், சீனா, அமெரிக்கா மூன்றிலும் மழலையர் பள்ளிகளைப் படம்பிடித்தார்கள். ஒரு நாட்டுப் படத்தை மற்ற நாட்டு ஆசிரியர்களுக்குப் போட்டுக் காட்டி, கருத்துக் கேட்டார்கள். 1989-இல் அது நூலாக வந்தது. கியோட்டோவில் எடுத்த படத்தில் ஒரு சிறுவன் மற்றவர்களைச் சீண்டிக்கொண்டே இருக்கிறான், ஆசிரியை தலையிடுவதில்லை. அமெரிக்க ஆசிரியர்களுக்கு அது அலட்சியமாகப் பட்டது. ஜப்பானியர்களோ, பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே தீர்த்துக்கொள்ளப் பழக வேண்டாமா என்றார்கள். ஒரு வகுப்பில் 30 பேர் அளவில் இருப்பது அமெரிக்கர்களுக்கு நெரிசல். அமெரிக்காவின் சின்ன வகுப்பில் பிள்ளை கூட்டத்தோடு வாழ எப்படிப் பழகும் என்பது ஜப்பானியரின் கவலை. ஆக, ஆசிரியர்–மாணவர் விகிதம் என்று நாம் நாடுநாடாக ஒப்பிடும் ஓர் எண், ஓர் ஊரில் குறையாகவும் இன்னோர் ஊரில் பாடமாகவும் இருக்கிறது. எண்ணை ஒப்பிடும் ஆய்வு இதைத் தானாகக் கண்டுகொள்ளாது. அந்தந்த ஊர்க்காரரைப் பேசவிட வேண்டும்.

கடைசியாக, கடல் தாண்டுவதைப் பற்றி. மார்க் பிரேயும் முர்ரே தாமஸும் 1995-இல் ஒரு கட்டகம் வரைந்து காட்டினார்கள். உலகப் பகுதி, நாடு, மாநிலம், மாவட்டம், பள்ளி, வகுப்பறை, தனியாள் என்று ஒப்பீட்டுக்கு ஏழு படிகள். நாடு என்ற ஒரே படியில் நின்றுகொண்டு பார்த்தால் உள்ளே இருக்கும் மேடுபள்ளம் தெரியாது. தமிழ்நாட்டுக்குள்ளேயே 38 மாவட்டங்கள். தருமபுரியையும் கன்னியாகுமரியையும் ஒரே சராசரிக்குள் போட்டால் இரண்டுமே மறைந்துவிடும்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேரான பதில். அந்தப் பட்டியலுக்கு அர்த்தம் உண்டு. ஆனால் அது 72-ஆம் இடம் என்ற எண்ணில் இல்லை. அதே அறிக்கையில் இன்னோர் எண் இருந்தது. வாசிப்பில் குறைந்தபட்சத் தகுதி நிலையை எட்டியவர்கள் ஓ.இ.சி.டி. நாடுகளில் 81 விழுக்காடு. தமிழ்நாட்டில் 17 விழுக்காடு. மொழிபெயர்ப்பின் மீதோ பனிச்சறுக்கின் மீதோ பழி போட்டு இவ்வளவு பெரிய இடைவெளியை மூட முடியாது. அடுத்த சுற்றிலும் எழுதியிருந்தால், அந்த 17 கூடியதா குறைந்ததா என்று 2010-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டோடு தமிழ்நாட்டையே ஒப்பிட்டிருக்கலாம். மொழியும் பண்பாடும் மாறாத ஒப்பீடு அது ஒன்றுதான். விலகியதால் இழந்தது அதைத்தான்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பட்டியல் வரும்போது முதலிடம் யாருக்கு என்று பார்ப்பதற்கு முன், ஒவ்வொரு நாட்டிலும் 15 வயதினரில் எத்தனை விழுக்காட்டினரை அந்த எண் குறிக்கிறது என்ற அட்டவணையைத் தேடிப் பாருங்கள். அறிக்கையின் பின்னிணைப்பில் இருக்கும். உங்கள் கணித வகுப்புக்கும் அது நல்ல பாடமாகும்.